டேப் ஒட்டி அளந்த எலிகள்

மூணு வருஷத்துக்கு முன்னாடி, மலேசியாவுல ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் ஒரு லேப்ல நடந்தது. நாப்பது வயசுக்கு மேல மாஸ்டர்ஸ் படிக்கப் போனவன் நான். எலிகளுக்குப் புற்றுநோய்க் கட்டியை வளர வச்சு, பாதிக்குப் புது மருந்து, மீதிக்கு வெறும் உப்புத் தண்ணி ஊசி. வாரம் ரெண்டு தடவை காலிப்பர்ங்கற இடுக்கி அளவுகோலை வச்சு நான் கட்டியை அளந்து நம்பரைச் சொல்லுவேன். எலிக் கூண்டுகளைப் பார்த்துக்குற பொண்ணு எழுதிக்கும். மேருங்கற ஊர்லேருந்து மோட்டார் சைக்கிள்ல வரும், அதிகம் பேசாது.

ஆறாவது வாரம் மருந்து எலிகளோட கட்டி சின்னதாத் தெரிஞ்சுச்சு. எனக்குத் தலைகால் புரியல. திங்கட்கிழமை பேராசிரியர்கிட்ட காட்டணும். அதுக்குள்ள பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில கூட்டாளிங்ககிட்ட பீத்திக்கிட்டாச்சு.

வெள்ளிக்கிழமை அளந்து முடிச்சதும் அந்தப் பொண்ணு மெதுவா சொல்லுச்சு: “அண்ணே, மருந்து எலின்னா மூணு வாட்டி அளந்து சின்ன நம்பரைச் சொல்றீங்க. மத்ததுக்கு ஒரு வாட்டிதான்.”

சுள்ளுன்னு கோவம் வந்துருச்சு. “கூண்டு கழுவுற நீ எனக்குச் சொல்லித் தரியா, உன் வேலையைப் பாரு லா”ன்னுட்டேன். இப்ப நெனச்சாலும் கூசுது.  எது மருந்து எலின்னு காட்டுற கூண்டு அட்டைகள் மேல அது டேப் ஒட்டி, வேற நம்பர் போட்டு, இடம் மாத்தி அடுக்கிட்டு, “இப்ப அளங்க”ன்னுச்சு.

முறைச்சுக்கிட்டே அளந்தேன், எல்லாத்தையும் ஒரே வாட்டி. டேப்பைப் பிரிச்சுப் பார்த்தா மருந்து எலிக்கும் மத்ததுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு! அப்படியே உக்காந்துட்டேன். சத்தியமா ஏமாத்தணும்னு நெனைக்கல. ஆசைதான் கையில வேலை காட்டிருச்சு.

மன்னிப்புக் கேட்டப்பதான் தெரிஞ்சுச்சு, அந்தப் பொண்ணோட அம்மா கிள்ளான் ஆஸ்பத்திரியில புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க.

“இந்த மருந்து வேலை செய்யணும்னு உங்களைவிட நான்தாண்ணே அதிகமா வேண்டிக்கிட்டேன்”னாங்க அந்தப் பொண்ணு.

திங்கட்கிழமை பேராசிரியர்கிட்ட உள்ளதைச் சொன்னேன். நல்லாத் திட்டு வாங்கினேன். அந்த மருந்தையும் விட்டுட்டோம். அன்னையிலேருந்து அவங்ககிட்ட வா போன்னு பேசினதில்ல.

இன்னிக்கும் அட்டையை மூடச் சொல்லிட்டுத்தான் காலிப்பரை எடுப்பேன். பெத்த தாய்க்கு மருந்து கிடைக்காதான்னு தவிச்சுக்கிட்டே உண்மையான நம்பரைக் கேட்டாங்களே, அந்த மனசுல கொஞ்சமாவது எனக்கு வரணும்னு ஒவ்வொரு தடவையும் நெனச்சுக்குவேன்.