சதவீதக் குறிக்குப் பின்னால்

பேராசிரியர் சேஷனும் பேராசிரியர் மல்ஹோத்ராவும் பேச்சை நிறுத்திய அன்றிலிருந்து இன்பராணிக்கு வேலை இரண்டு மடங்கானது. தொண்ணூற்றெட்டு ஆகஸ்ட் மாதம் அது. இருவரும் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தில் ஏழாம் அத்தியாயம் பாதியில் நின்றிருந்தது.

இன்பராணிக்கு அப்போது நாற்பத்தாறு வயது. சொந்த ஊர் நாசரேத். விமானப்படையில் இருந்த ஏசுதாஸைக் கட்டிக்கொண்டு டெல்லிக்கு வந்தவள், தென் டெல்லியில் ஒரு கணித ஆராய்ச்சி நிலையத்தில் தட்டச்சராகச் சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஓடியிருந்தது. கணிதம் அவளுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைத் தப்பில்லாமல் அடிப்பது எப்படி என்பது மட்டும் தெரியும்.

தொண்ணூற்றிரண்டு வரை மின் தட்டச்சுப் பொறிதான். நடுவில் ஒரு கிரேக்க எழுத்து வந்தால் எழுத்து உருண்டையைக் கழற்றி வேறு உருண்டை மாட்ட வேண்டும். மூன்றாவது தேற்றத்துக்குப் பிறகு பேராசிரியர் புதிதாக ஒரு தேற்றம் சேர்த்துவிட்டார் என்றால் தொலைந்தது. அதற்குப் பின்னால் வரும் எண்கள் அத்தனையையும் வெள்ளை மை பூசி அழித்து, ஊதிக் காயவைத்து, மறுபடி அடிக்க வேண்டும். அந்த மையின் வாடை சோற்றிலும் வருகிறது என்று மகள் ஜெனி சின்னப் பிள்ளையில் மூக்கைப் பொத்துவாள்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதோடு லேடெக் வந்தது. எழுதியது எழுதியபடி திரையில் தெரியும் மென்பொருள் இல்லை அது. சாய்கோடு போட்டு ஒரு கட்டளை, பிறகு வாசகம், மறுபடி ஒரு கட்டளை என்று அடித்துக்கொண்டே போக வேண்டும். கடைசியில் ஓடவிட்டால் பக்கம் அச்சுப் புத்தகம் போல எழும்பி வரும், அல்லது பிழை என்று சொல்லிப் பாதியில் நின்றுவிடும். அலுவலகத்தில் மற்றவர்கள் அதைத் தொடவில்லை. போட்டோகாப்பி எடுத்த கையேடு ஒன்றை வைத்துக்கொண்டு எட்டு மாதம் இன்பராணி தனியாக முட்டி மோதினாள்.

போகப் போக அவளுக்கென்று சில கட்டளைகள் பிடித்துப்போயின. முதலாவது, லேபிளும் ரெஃபும். ஒரு தேற்றத்துக்குப் பெயர் வைத்துவிட்டால் போதும், அது எந்த எண்ணுக்கு நகர்ந்தாலும் புத்தகம் முழுக்க எண் தானாக மாறிக்கொள்ளும். அது வேலை செய்வதை முதன்முதலாகப் பார்த்த அன்று, மேசை இழுப்பறையில் இருந்த வெள்ளை மைப் புட்டியைக் குப்பையில் போட்டாள். அடுத்தது, இரண்டு சொற்களுக்கு நடுவே போடும் சிறு அலைக்குறி. அதைப் போட்டால் 'தேற்றம்' ஒரு வரியிலும் அதன் எண் அடுத்த வரியிலும் பிரிந்து நிற்காது. ஃபேண்டம் என்று ஒன்று உண்டு. எழுத்து தெரியாது, அது இருக்க வேண்டிய இடம் மட்டும் காலியாக நிற்கும். நாமே புதிய கட்டளை உண்டாக்கிக்கொள்ளவும் வழி இருந்தது. சேஷன் அடிக்கடி எழுதும் ஒரு நீளமான கணிதக் கோவை, பார்ப்பதற்குக் கோழிக்கால் தடம் போலிருக்கும். அதற்கு ஆங்கில எழுத்தில் 'கோழி' என்று பெயர் வைத்துவிட்டாள். கோழி என்று அடித்தால் கோவை முழுசாக வந்து விழும்.

எல்லாவற்றிலும் அவளுக்கு மிகவும் பிடித்தது சதவீதக் குறி. ஒரு வரியில் அந்தக் குறியைப் போட்டால், அதற்குப் பின்னால் என்ன எழுதினாலும் அச்சில் வராது. கோப்பில் மட்டும் இருக்கும். 'இங்கே சேஷன் சாரிடம் கேட்க வேண்டும்', 'இந்தப் பக்கம் சரிபார்த்தாயிற்று' என்று தனக்கான குறிப்புகளை அங்கே வைத்துக்கொள்வாள்.

தகராறு நடந்தது ஒரு கருத்தரங்கில். சேஷனின் நிரூபணத்தில் ஓர் ஓட்டை இருப்பதை மல்ஹோத்ரா கண்டுபிடித்தார். தனியாகச் சொல்லியிருக்கலாம். நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்று சொன்னார். சேஷன் கையிலிருந்த சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே போனவர், அதற்குப் பிறகு மல்ஹோத்ராவிடம் பேசவில்லை. ஆனால் பதிப்பகத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று. புத்தகத்தை முடித்தே ஆக வேண்டும்.

மறுவாரம் சேஷன் கையெழுத்துத் தாள்களோடு இன்பராணியின் அறைக்கு வந்தார்.

"இதெல்லாம் திருத்தம்மா. ஓரத்துல இங்கிலீஷ்ல எழுதியிருக்கேன் பாரு, அது அவனுக்கு. அந்த பர்சென்ட் போட்டுப் பின்னால அடிச்சுடு. கோப்பை அப்படியே பிரிண்ட் எடுத்து அவன்கிட்ட கொடுத்தா படிச்சுப்பான்."

மதியம் மல்ஹோத்ராவும் வந்தார். "இன்பா ஜி, அவருக்கு என் பதிலையும் அதே இடத்தில் போட்டுவிடுங்கள்" என்றார் இந்தியில்.

இரண்டு அறைகளுக்கும் நடுவே நான்கு கதவுகள்தான் இருந்தன. ஆனாலும் அடுத்த இரண்டரை வருஷம் அந்த இரண்டு பேரும் பேசிக்கொண்டதெல்லாம் இன்பராணியின் விரல் வழியாகத்தான். புத்தகம் வளர்ந்தது, சதவீதக் குறிக்குப் பின்னால் இருந்தது அதைவிட வேகமாக வளர்ந்தது. 'இந்த வரியை எழுதியபோது நீர் தூங்கிக்கொண்டிருந்தீரா?' 'உமக்குப் புரியவில்லை என்பதற்காக அது தவறாகிவிடாது.' ஒவ்வொன்றையும் எழுத்துப் பிசகாமல் அடித்தாள். திட்டு வாங்குகிறவனுக்கு ஒருமுறைதான். அவளுக்கோ படிக்கும்போது ஒருமுறை, அடிக்கும்போது ஒருமுறை, சரிபார்க்கும்போது ஒருமுறை.

இரண்டாயிரம் ஜனவரியில் ஏசுதாஸுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. துவாரகாவில் வாங்கியிருந்த சொஸைட்டி ஃபிளாட்டுக்கு அப்போதுதான் குடிபோயிருந்தார்கள். காலையில் அவரைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, ஜெனி கல்லூரிக்குக் கிளம்பும்முன் கொடுக்க வேண்டிய மருந்தை அவளிடம் சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி அலுவலகத்துக்கு வந்து உட்காரும்போதே இன்பராணிக்கு அன்றைய நாள் முடிந்துவிட்டது போலிருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வேலைக்கு வந்த ஒரு காலையில், மேசைமேல் சேஷனின் தாள் இருந்தது. ஓரத்தில்: 'இதை எழுதியவர் பள்ளிக்கூடத்தில் கூட்டல் கழித்தல் நடத்தப் போகலாம்.'

சதவீதக் குறியை அடித்தாள். விரல் அதற்குமேல் நகரவில்லை. நல்லது செய்ய வேண்டும், சமாதானம் பண்ண வேண்டும் என்றெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. அந்த வாக்கியத்தைத் தூக்கத் தெம்பில்லை, அவ்வளவுதான். 'இரண்டாவது பகுதியை ஒருமுறை சரிபார்க்கவும்' என்று அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

மூன்று நாள் கழித்து மல்ஹோத்ராவின் பதில் வந்தது: 'சரிபார்த்தேன். என் பிழைதான். நன்றி.' அதை எழுதியபடியே அடித்தாள். பிரிண்டைப் பார்த்த சேஷன் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு இரண்டாம் முறையும் படித்தார். "ம்ம்" என்றார்.

அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. இரண்டு பக்கத்துத் திட்டையும் வடிகட்டினாள். கணிதத்தைத் தொடமாட்டாள், அதைச் சுற்றியிருந்த முள்ளை மட்டும் எடுத்துவிடுவாள். ஏழாம் அத்தியாயம் முடிந்து எட்டாவது ஆரம்பமாயிற்று. ஒருநாள் சேஷன், "அவன் இப்போ பரவாயில்லை, திருந்திண்டு வரான்" என்றார். இன்பராணி தலையை நிமிர்த்தவில்லை.

இரண்டாயிரத்தொன்று மார்ச்சில் அவள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரத்தில் மல்ஹோத்ரா ஒரு தாளைத் தேடி அறைக்கு வந்தார். அவள் திரும்பி வந்தபோது, அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து சேஷனின் கையெழுத்துத் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கே இவர் என்னைக் கழுதை என்று எழுதியிருக்கிறார். நீங்கள் 'தயவுசெய்து' என்று அடித்திருக்கிறீர்கள்."

"ஆமாம் சார்."

"நான் எழுதியதையும் மாற்றினீர்களா?"

"மாற்றினேன் சார்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "எத்தனை நாளாக?"

"பதினாலு மாசமாக."

"அப்படியானால் பதினாலு மாசமாக நான் யாருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன், இன்பா ஜி?"

அவளுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. நாற்காலியில் அவர் இருந்தார். "எனக்குத் தெரியவில்லை சார்" என்றாள். "நான் களைத்துப்போயிருந்தேன்."

அவர் எழுந்து போய்விட்டார். சேஷனிடம் ஒன்றும் சொல்லவில்லை. இயக்குநருக்கு மட்டும், தட்டச்சரை மாற்ற வேண்டும் என்று காரணம் எழுதாமல் ஒரு கடிதம் போனது. ஒரு வாரத்துக்குள் இன்பராணியைத் தபால் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். உறையில் முகவரி எழுதுவது, தபால்தலை ஒட்டுவது, பதிவேட்டில் குறிப்பது. தன் மேசையைக் காலி செய்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. மாலை ஐந்தரைக்கே வேலையை விட்டுக் கிளம்பிவிடலாம், வழியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இறங்கி வெளிச்சத்தோடு தேங்காயும் புளியும் பார்த்து வாங்கலாம் என்றுதான் நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகப் பஸ்ஸில் உட்கார்ந்து கொஞ்சம் வருத்தப்பட்டாள்.

புதிதாக வந்த தட்டச்சர் நேர்மையான மனிதர். இருந்ததை இருந்தபடி அடித்தார். இரண்டே மாதத்தில் புத்தகம் நின்றது. ஜூன் மாதத்து வெக்கையில் ஒரு பிற்பகல், சேஷன் தபால் பிரிவைத் தேடிக்கொண்டு வந்தார். உறைகளை நகர்த்தி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, மல்ஹோத்ராவுக்கு என்ன ஆச்சு? ஒரு வருஷமா எவ்வளவு நன்னா எழுதிண்டிருந்தான். இப்போ திடீர்னு வாய்க்கு வந்தபடி திட்டறான். உடம்பு கிடம்பு சரியில்லையோ?"

இன்பராணி பசைக் குப்பியை மூடினாள். மறைக்கலாம். மறைப்பதற்கும் தெம்பு வேண்டும்.

"சார், அவரு எப்பவும் அப்படித்தான் எழுதுனாரு. நீங்களும் அப்படித்தான் எழுதுனிய. நாந்தான் ரெண்டையும் மாத்தி அடிச்சேன்."

மின்விசிறிக் காற்றில் ஓர் உறை பறந்து தரையில் விழுந்தது. இருவரும் எடுக்கவில்லை.

"எல்லாத்தையுமா?"

"திட்டை மட்டும் சார். கணக்குல கை வைக்கல."

"அந்த 'என் பிழைதான், நன்றி'ன்னு ஒண்ணு வந்துதே..."

"அது அவரே எழுதுனது. அதுல ஒரு எழுத்தும் நான் தொடல சார்."

சேஷன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "சரி" என்று எழுந்து போனார்.

அவர் இயக்குநரிடம் என்ன பேசினார் என்று தெரியாது. ஜூலையில் பழைய இடத்துக்குத் திரும்பும்படி உத்தரவு வந்தது. இன்பராணி அதை எடுத்துக்கொண்டு முதலில் சேஷன் அறைக்குப் போனாள்.

"வருதேன் சார். ஆனா பர்சென்டுக்குப் பின்னால இனிமே ஒரு வார்த்தை அடிக்க மாட்டேன். நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். அவருகிட்ட சொல்லணும்னா நாலு கதவு தள்ளித்தான் இருக்காரு. நேராச் சொல்லிக்கிடுங்க."

அதையே இந்தியில் மல்ஹோத்ராவிடமும் சொன்னாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அச்சா" என்றார்.

வியாழக்கிழமைகளில் மூன்று மணிக்கு இரண்டு பேரும் அவள் அறைக்கு வர ஆரம்பித்தார்கள். அவளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு நாற்காலி. ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள். திரையைப் பார்த்துத்தான் பேசுவார்கள். முதல் மாதம் அவளிடம் சொல்வது போலச் சொன்னார்கள். பிறகு திரையிடம் சொன்னார்கள். செப்டம்பரில் ஒருநாள் மல்ஹோத்ரா, "இந்தக் கோழி என்றால் என்ன?" என்று கேட்டார். இன்பராணி பொருளைச் சொன்னாள். "கோழியா!" என்று சேஷன் சத்தமாகச் சிரித்தார். மல்ஹோத்ரா சிரிக்கவில்லை, ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அவரும் அந்தக் கோவையைக் கோழி என்றே சொன்னார்.

நண்பர்களாகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. கேன்டீனில் தனித்தனி மேசைதான். ஆனால் ஏழாம் அத்தியாயத்தின் ஓட்டையை இரண்டு பேருமாகப் பதினோரு பக்கத்தில் அடைத்தார்கள். இரண்டாயிரத்து மூன்று டிசம்பரில் முன்னுரையை அடிக்கக் கொடுத்தார்கள். அதன் கடைசிப் பத்தியில், 'சோர்வே அறியாத திருமதி இன்பராணிக்கு நன்றி' என்று ஆங்கிலத்தில் இருந்தது. எழுத்து சேஷனுடையது, 'சோர்வே அறியாத' என்பதை மட்டும் மல்ஹோத்ரா தன் பேனாவால் இடைச்செருகியிருந்தார்.

ஓடவிட்டாள். அந்த வரி ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கிறது என்று லேடெக் எச்சரித்தது. இடைவெளியைக் குறைத்துப் பார்த்தாள், சொல்லை ஒடித்துப் பார்த்தாள், அடங்கவில்லை. கடைசியில் மல்ஹோத்ரா செருகிய சொல்லை எடுத்துவிட்டாள். வரி ஓரத்துக்குள் வந்து உட்கார்ந்தது. ஆசிரியர்கள் இருவரையும் அழைத்துத் திரையில் காட்டி, எடுத்துவிட்டதைச் சொன்னாள். இந்த முறை சொல்லாமல் மாற்ற அவளுக்கு மனமில்லை.

"ஏன் எடுத்தீர்கள்?" என்றார் மல்ஹோத்ரா.

"இடம் இல்லை சார். அது நிஜமும் இல்லை."

அப்படியே அச்சுக்குப் போயிற்று.

அடுத்த கோடையில் புத்தகம் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், நீல அட்டை. அவளுக்கு ஒரு பிரதி கொடுத்தார்கள். வீட்டில் ஏசுதாஸின் மடியில் வைத்தாள். அவர் இடது கையால் மெல்ல மெல்லப் பக்கம் புரட்டினார். பேச்சு முக்கால்வாசி திரும்பியிருந்தது.

"படம் ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

"பொறவு எதுக்கு இம்புட்டுத் தடி?"

அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து செருப்பின் வாரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒன்று கழன்றது. பதிலுக்காக ஏசுதாஸ் நிமிர்ந்து பார்த்தபோது, இன்னொரு செருப்பைக் காலோடு விட்டுவிட்டு, சுவரில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். அவர் சத்தம் வராமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.