பத்தா, இருபதா?

செல்போன் டவர்களுக்கு அலைவரிசையின் அகலத்தை முடிவு செய்வதுதான் அவள் வேலை. பத்து மெகாஹெர்ட்ஸா, இருபதா? "இதுக்கா மாசாமாசம் சம்பளம்?" என்று சொந்தக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். அவ்வளவு லேசான வேலையில்லை. டவரின் பவர் எப்போதும் ஒரே அளவுதான். அகலத்தைக் கூட்டினால் பக்கத்தில் இருப்பவனுக்கு வீடியோ பறக்கும். ஆனால் ஒரு சொம்புத் தண்ணீரை அகலமான தட்டில் ஊற்றியது போல பவர் மெலிந்துவிடும். ஓரத்தில் இருப்பவன் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் மாடிக்கும் அலைய வேண்டியதுதான்.

அன்று அவள் திரையில் வந்த டவரின் ஓரத்தில் அத்தான் வீடு இருந்தது.

அத்தானை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பா ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சு வாங்கிக்கொண்டு, "பெரியவளைக் கூப்பிடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அக்காவுக்கு அப்போது தனிப் போன் கிடையாது. அத்தானின் போனோ மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மாமனார் மேல் அவருக்குப் பழைய வீம்பு. அக்கா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"சிக்னலே இல்லம்மா, நான் என்ன பண்றது?" என்றார் அத்தான்.

சிக்னல் இல்லாத போனுக்கு மணி போகாது. இதே தொழிலில் இருப்பவளுக்கே காது குத்தினார்! அவள் கத்தித் தீர்த்தாள். அக்கா மட்டும் வாயே திறக்கவில்லை.

இப்போது மேனேஜர் வந்து நின்றார். "டவர் பக்கத்துல கடைக்காரங்க எல்லாம் நெட் ஸ்லோன்னு புகார் பண்றாங்க. ஆனா ஓரத்துல நாலஞ்சு வீடு இருக்கே, பத்தாவே விட்டுடலாமா?"

"இருபது போடுங்க சார். நாலஞ்சு வீடுதானே, சமாளிச்சுக்குவாங்க."

சொன்னதும் நெஞ்சு குளிர்ந்தது. சிக்னல் இல்லை என்றாரே, இனி நிஜமாகவே இருக்காது. அந்த மனுஷன் மொட்டை மாடியில் நின்று தொண்டை கிழிய "ஹலோ, ஹலோ" என்று கத்துவதை நினைத்து, மதியம் இரண்டு வாய் கூடவே சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் அக்கா கூப்பிட்டாள். குரல் விட்டு விட்டு வந்தது.

"மாடியிலேர்ந்து பேசறேன்டி. வீட்டுக்குள்ள சிக்னலே இல்ல. அப்பா போன அன்னைக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், பாரேன். இத்தனை வருஷமா நானும் அவரை நம்பலடி. வெளியில சொன்னதில்ல, அவ்வளவுதான். நேத்து அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா, இல்லக்கா, இது நான்தான்..."

"ஹலோ? ஒண்ணுமே கேக்கலடி. ஹலோ?"

லைன் அறுந்தது. அவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். மணி போகவில்லை.