புதன் வக்ரத்தில் மயிலாப்பூரிலிருந்து அடையாறு

நான் ஒரு முட்டாள். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால், படிக்கிறவர்கள் கண்டுபிடிக்கும் சிரமம் மிச்சம். புதன் வக்ரத்தில் இருக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காக, மனைவி அனுப்பிய செய்திக்குப் பத்தொன்பது நாள் பதில் போடாமல் இருந்தவன் நான்.

செய்தி இதுதான்: “கோயம்புத்தூருக்கு மாத்தல் வந்திருக்கு. போறதுக்கு முன்னாடி பேசணும்னா வாங்க.”

கல்பனா எட்டு மாதமாக அடையாறு கஸ்தூரிபா நகரில் ஒரு மாடிப் பகுதியை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருக்கிறாள். நான் மயிலாப்பூரில், நாங்கள் சேர்ந்திருந்த அதே வீட்டில். இப்போது அங்கே அதிகம் பேசுவது ஃபிரிட்ஜ்தான். நானும் அவ்வப்போது பதில் சொல்வதுண்டு. இரண்டு வீட்டுக்கும் நடுவே நாலரை கிலோமீட்டர். கைலாசத்துக்குப் போய்வந்தவர்கள் எழுதுகிறார்கள், நான் இந்த நாலரை கிலோமீட்டருக்கு எழுதுகிறேன். தூரத்தைப் பார்க்காதீர்கள், ஆன நேரத்தைப் பாருங்கள்.

வக்ரம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரகங்கள் ராசிச் சக்கரத்தில் முன்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். சில சமயம் வந்த வழியே திரும்பிப் பின்னால் நடக்கும். புதன் வருடத்துக்கு மூன்று நான்கு தடவை, மூன்று வாரம் போல, இப்படிச் செய்வான். பேச்சு, எழுத்து, பயணம் மூன்றும் அவன் இலாகா. அந்த நாட்களில் முக்கியமான செய்தி எதுவும் அனுப்பக் கூடாது என்று கைபேசியில் ஒரு அம்மையார் விரலை ஆட்டிச் சொன்னார். நம்பினேன். நம்புவதற்கு வசதியாகவும் இருந்தது.

சனிக்கிழமை காலை 9.10. மயிலாப்பூர் மாட வீதியில் இருபத்தைந்து ரூபாய்க்குக் காபி குடித்துவிட்டு, தெரிந்த ஜோசியர் ஒருவரைப் பார்க்க மாடியேறினேன். மூன்று வாரம் முடியப்போகிறதே, எப்போது அடையாறு போகலாம் என்று நல்ல நாள் கேட்பதுதான் திட்டம். எனக்கு முன்னால் ஒன்பது பேர். எல்லோரும் யாரையாவது கூட அழைத்து வந்திருந்தார்கள். பக்கத்து நாற்காலி எனக்கு மட்டும் காலி. அதில் குடையை உட்காரவைத்தேன்.

11.40. ஜோசியர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“வக்ரத்துல புதுசா எதையும் ஆரம்பிக்கப்படாது, அவ்வளவுதான். பழசைத் திரும்பப் பிடிக்கறதுக்கு அதைவிட நல்ல காலம் ஏது? ஆத்துக்காரிகிட்ட பேசறது உமக்குப் புது வியாபாரமா ஓய்?”

பொன்னான மூன்று வாரத்தை ஃபிரிட்ஜோடு பேசித் தீர்த்திருக்கிறேன். வக்ரம் முடிந்துவிட்டதா என்று கேட்டேன். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி நேற்றே முடிந்துவிட்டதாம். வாக்கியப் பஞ்சாங்கப்படி இன்று சாயங்காலம் நாலரை வரை இருக்கிறதாம்.

இங்கே ஒரு குடும்ப ரகசியம். எங்கள் வீடு திருக்கணிதம், கல்பனா வீடு வாக்கியம். முகூர்த்த நேரம் குறிக்கும்போதே இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டது. அப்புறம் இருபத்திரண்டு வருடம், திதி வரும்போதெல்லாம் நான் அவள் பஞ்சாங்கத்தைக் கிண்டல் செய்திருக்கிறேன். அன்று அந்த மாடிப்படியில் இறங்கும்போதே கட்சி மாறினேன். எனக்கு இன்னும் நாலே முக்கால் மணி நேரம் இருந்தது.

நியாயமாக நேரே அடையாறு பஸ் ஏறியிருக்க வேண்டும். ஆனால் ‘பழசைத் திரும்பப் பிடி’ என்றதும் சட்னி ஜார் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் மிக்ஸியின் சின்ன ஜார் பிளேடு போய், தி.நகரில் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்திருந்தேன். வாங்கிவரும்படி கல்பனா தினமும் சொல்லுவாள். நாளைக்கு என்பேன். அவள் வீட்டைவிட்டுப் போனதற்கு ஜார்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கடைசியாகச் சொன்ன காரணங்களில் அது இரண்டாவது. முதலாவதை இங்கே எழுத முடியாது, அது நான்.

ஆகவே லஸ் முனையில் 12பி ஏறி, தெற்கே இருக்கிற அடையாறுக்கு மேற்கு நோக்கிப் புறப்பட்டேன். என் வழியே வக்ரமாகிவிட்டது.

மதியம் 1.15, தி.நகர் ரங்கநாதன் தெரு. இங்கே நடக்கத் தெரிய வேண்டியதில்லை, கூட்டமே கொண்டுபோய்விடும். என்னை ஒரு தடவை கடைக்கு நாலு கடை தள்ளிக் கொண்டுபோய் இறக்கியது. இத்தனை பேர் இடித்தும் ஒருவருக்கும் என்னைத் தெரியவில்லை என்பது ஒரு மாதிரியாக இருந்தது.

கடைக்கார பாய் சாப்பிடப் போயிருந்தார். வந்தது 2.30க்கு. சீட்டைத் தொலைத்துவிட்டேன் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எட்டு மாசத்துக்கு மேல ஆவுது சார். உங்க வீட்டம்மா ரெண்டு வாட்டி போன் பண்ணாங்க. நானே கொடுத்து அனுப்பட்டுமான்னு கேட்டேன். வேணாம் பாய், அவரே வந்து வாங்கட்டும்னாங்க.”

எப்போது கூப்பிட்டாள் என்று கேட்டேன். கடைசியாகப் போன வாரம் என்றார். பாய் மேல் தட்டிலிருந்து ஜாரை எடுத்து, தூசி தட்டி, தாளில் சுற்றிக் கொடுத்தார். கூலி இருநூற்றைம்பது. மூடி எங்கே என்று கேட்டேன்.

“மூடி நீங்க குடுக்கவே இல்ல சார்.”

கொடுத்தேனா இல்லையா, சத்தியமாக எனக்கு நினைவில்லை. பாய் சொல்வதுதான் உண்மையாக இருக்கும்.

3.20. ஆட்டோ. இருநூற்றைம்பது கேட்டு இருநூறுக்குப் படிந்தது. ஓட்டுநருக்குப் பட்டினப்பாக்கம். என் மடியில் தாள் விலகித் தெரிந்த ஜாரைப் பார்த்துவிட்டு, “இன்னா சார், எங்கனா சட்னி அரைக்கப் போய்க்கினு கீறியா?” என்றார். ஆமாம் என்றேன்.

நந்தனம் சிக்னலில் நின்றோம். இடது பக்கம் முழுதும் மறைத்துக்கொண்டு ஒரு பெரிய பஸ். நான் அதன் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று எங்கள் ஆட்டோ பின்னால் உருள ஆரம்பித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு பிரேக், பிரேக் என்றேன்.

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். “வண்டி நின்னுக்கினுதான் கீது நைனா. பஸ்ஸு போவுது பாரு.”

பஸ் போயே விட்டது. நாங்கள் நின்ற இடத்திலேயேதான் நின்றிருந்தோம். வக்ரமும் இவ்வளவுதான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். எந்தக் கிரகமும் பின்னால் போவதில்லை. அதுவும் ஓடுகிறது, நாம் நிற்கிற பூமியும் ஓடுகிறது, வேகம்தான் வேறு. ஒன்றை ஒன்று தாண்டும்போது பின்னால் போவதுபோல் ஒரு தோற்றம். பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியதை, ஐம்பத்து நாலாவது வயதில் இருநூறு ரூபாய் கொடுத்துப் புரிந்துகொண்டேன். கல்பனா என்னைவிட்டு விலகிப் போய்விட்டாள் என்று எட்டு மாதமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவந்தேன். அவள் தன் வழியில் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான்தான் சிக்னலில் நின்றிருக்கிறேன்.

கோட்டூர்புரம் பாலம் தாண்டும்போது மணி 3.50. அவளிடம் சொல்வதற்கு மூன்று வாக்கியம் தயார் செய்தேன். மூன்றாவதில் ஒரு நகைச்சுவை வந்தது, எடுத்துவிட்டேன்.

4.05. கஸ்தூரிபா நகர். தூங்குமூஞ்சி மரங்கள் கவிந்த தெரு, காகங்களைத் தவிர சத்தமில்லை. மாடிப் பகுதியில் பூட்டு. கீழே வீட்டுக்காரம்மா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். யார் என்று கேட்டார். கல்பனாவின் கணவன் என்றேன். அந்தச் சொல்லை எட்டு மாதத்துக்கு அப்புறம் அன்றுதான் வாய்விட்டுச் சொல்கிறேன். வாய்க்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

“அவங்க நேத்தே கிளம்பிட்டாங்களே,” என்றார். “மூணு வாரமா வேலைக்குப் போறப்போ எல்லாம், யாராவது வந்தா உட்காரச் சொல்லுங்கம்மான்னு சொல்லிட்டுத்தான் போவாங்க. நீங்கதானா அது?”

நேற்று. திருக்கணிதம் எப்போதும் துல்லியம் என்று எங்கள் அப்பா சொல்வது சரிதான்.

அந்த அம்மா நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். கல்பனா சொல்லிவைத்தபடி அந்த நாற்காலியில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடையாறு பஸ் நிறுத்தத்துக்கு வரும்போது 4.18. மயிலாப்பூர் பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. வீட்டில் ஃபிரிட்ஜ் தவிர யாரும் தேடப்போவதில்லை. வாக்கியப்படி இன்னும் சில நிமிடம் பாக்கி இருந்தது. பெஞ்சில் ஜாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கைபேசியை எடுத்து எல்லாவற்றையும் எழுதினேன்: வக்ரம் முடியட்டும் என்று காத்திருந்தது, ஜோசியர் சொன்னது, கட்சி மாறியது, நந்தனத்தில் ஆட்டோ பின்னால் போனது, மாடியில் பூட்டு. தப்பு என்னுடையது என்றும் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் கோயம்புத்தூர் வரட்டுமா என்று கேட்டேன். அது கைபேசியில் மூன்று திரை நீளம் இருந்தது. கடைசியில், ஜாரை வாங்கிவிட்டேன் என்று ஒரு வரி சேர்த்து 4.27க்கு அனுப்பினேன்.

4.29க்குப் பதில் வந்தது.

“மூடி இருக்கா?”