பிலோமினா அக்காவிடம் நான் கேட்ட கேள்வி

பிலோமினா அக்கா போய்விட்டார். இன்று காலை, றொசல்ல தோட்டத்தில், அவருடைய லயத்து வீட்டில்.

அவர் கணவர் அந்தோனி அண்ணன்தான் போன் பண்ணினார். "ஒங்க அக்கா போயிட்டாம்மா..."

ஹட்டன் புடவைக் கடையில் அக்காவும் நானும் ஒரே கவுண்டர். முதலாளி காதில் விழும்படியே அக்கா, "இது வேணாங்க, ரெண்டு தண்ணியில சாயம் போயிரும்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லுவார். முதலாளி முறைப்பார். வந்தவர்கள் அடுத்த தடவையும் அக்காவைத்தான் தேடுவார்கள்.

சிகரெட் வாசனைகூட ஆகாத மனுஷிக்கு நுரையீரலில் கேன்சர்.

எனக்குச் சிங்களம் நன்றாக வரும் என்பதால் கண்டி கிளினிக்குக்கு நான்தான் கூடப் போவேன். அக்காவுக்கு வந்த வகைக் கேன்சருக்கென்றே செய்த மாத்திரை, தினமும் ஒன்று. கொஞ்ச நாளிலேயே இருமல் நின்றது. லயத்துப் படியை மூச்சு வாங்காமல் ஏறினார். கடைக்கும் திரும்பி வந்தார். ஸ்கேனைப் பார்த்து டொக்டரே சிரித்தார்.

அடுத்த வருஷம் இருமல் திரும்ப வந்தது.

கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எல்லோர் முன்னாலும் நான் கேட்டேன். "அக்கா, மாத்திரைய இடையில விட்டுட்டீங்களா?"

"மாதா சத்தியமா விடலடி."

நான் நம்பவில்லை. அது என் முகத்தில் தெரிந்திருக்கும்.

பேச்சு றொசல்ல வரை போனது. அதற்குப் பிறகு அந்தோனி அண்ணன் தினமும் காலையில் பக்கத்தில் நின்று மாத்திரையை விழுங்கவைத்து, "வாயத் தொற" என்று பார்ப்பாராம். அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மறுபடியும் சதை எடுத்து டெஸ்ட் பண்ணினார்கள். டொக்டர் சிங்களத்தில் மெதுவாக விளக்கினார், நான் தமிழில் சொன்னேன். மாத்திரை நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. ஆனால் அதில் சாகாமல் மிஞ்சிய செல்கள் தங்கள் குணத்தையே மாற்றிக்கொண்டு வேறு வகைக் கேன்சராகிவிட்டன. பழைய வகைக்குச் செய்த மாத்திரைக்கு இவை அடங்காது. சிலருக்கு இப்படி ஆகும்.

அக்கா என் கையைப் பிடித்தார். "அப்ப நான் ஒன்னும் தப்பு பண்ணலல்ல? இன்னொருக்கா கேளு."

கேட்டேன். டொக்டர் அக்காவைப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "இல்ல அம்மா. உங்க தப்பு இல்ல."

பஸ்ஸில் வரும்போது, "இத எங்க வீட்டுக்காரருகிட்ட நீயே சொல்லிரு" என்றார். சொன்னேன். அண்ணன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு ஊசி மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. கொஞ்ச நாள் நோய் அதற்குக் கேட்டது... பிறகு அதுவும் கேட்கவில்லை.

போன கிழமை பார்க்கப் போயிருந்தேன். "அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுக்கா" என்றேன்.

"ஆமா, கேட்டிருக்கக் கூடாது" என்றார். பிறகு கொஞ்சம் நகர்ந்து, கட்டிலில் எனக்கு இடம் விட்டார்.

டொக்டர் சொன்னதை அக்கா வீட்டில் சொன்னேன். கடையில் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லணும், சொல்லணும் என்றே நாள் போய்விட்டது. இன்று மத்தியானம்கூட ஒருவர், "மருந்த ஒழுங்கா போட்டிருந்தா இருந்திருக்கும், பாவம்" என்றார்.

அதனால் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். பிலோமினா அக்கா ஒரு நாள்கூட மாத்திரையை விடவில்லை.

அடக்கம் நாளை பின்னேரம், தோட்டத்து மாதா கோயிலில் பூசை முடிந்த பிறகு.

வர்றேன் அக்கா...