எண்ணெய் காட்டாத தோல்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அந்தக் கோபம் யாரிடமிருந்து வந்தது என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள். நான் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று சொன்ன அன்று, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். சொல்ல வேண்டியதையெல்லாம் அம்மாவிடம் சொல்வார். நான் அதே அறையில் அவருக்கு எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன்.

"அவகிட்ட சொல்லு. பொட்டப்புள்ள சைக்கிள்ல போறத இந்த ஊரு பாத்தது இல்ல. உழுந்து கைய கால ஒடச்சிக்கினா எவன் வந்து கட்டிக்குவான்?"

"அப்பா இன்னா சொல்றாருன்னா..." என்று அம்மா என் பக்கம் திரும்புவாள்.

"எனக்கும் காது இருக்குதும்மா" என்பேன்.

சைக்கிள் எனக்கு விளையாட்டு அல்ல. எங்கள் வீடு ஆம்பூரில். நான் வேலை பார்த்த மிஷன் பள்ளிக்கூடம் மாதனூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில். ஒரே அறை, ஒரே வாத்தியார், அந்த வாத்தியார் நான். டிரெயினிங் முடித்துக் கிடைத்த முதல் வேலை. தனியாக ஒரு பெண் தங்க அந்த ஊரில் வீடு கொடுப்பார் இல்லை. விடியுமுன் கிளம்பி நடந்தாலும் முதல் மணிக்குப் போய்ச் சேர முடியாது. மணி அடிக்கும்போது வாத்தியார் வாசலில் இல்லையென்றால், அந்த ஊர்த் தாய்மார்கள் பிள்ளையின் கையில் ஆட்டுக் கயிற்றைக் கொடுத்துக் காட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நான் போய் நிற்கும்போது அறையில் பாதிப் பேர்கூட இருக்கமாட்டார்கள்.

சபைப் போதகரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்போம். பள்ளிக்கூடத்தை நடத்துவதும் அவர்தான். ஒருநாள் வீட்டுக்கு வந்து அப்பாவின் முன்னாலேயே சொன்னார்.

"வர்ற மாசம் முதல் திங்கட்கிழமை நானே அங்க வந்து நிப்பேம்மா. மணி அடிக்கும்போது நீ இருந்தா வேலை உன்னுது. இல்லாட்டி அந்த ஊருலயே தங்கற ஒரு ஆம்பள வாத்தியாரைப் போட்டுடுவேன். தப்பா நெனைக்காதே."

ஐயரே வந்து சொன்ன பிறகு அப்பாவால் ஒரேயடியாக மறுக்க முடியவில்லை. ஆனால் அவர் போனதும் அம்மாவிடம் சொன்னார். "ஓட்டட்டும். ஒரே ஒரு தரம் உழுந்தாள்னு என் காதுல உழட்டும், அன்னிக்கே வண்டி கெணத்துல."

எங்கள் சபைக் கோயிலுக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகளோடு ஒரு சைக்கிள் கிடந்தது. பழைய உபதேசியார் வேதம் சொல்ல ஊர் ஊராகச் சுற்றிய வண்டி. அவர் படுக்கையில் விழுந்த பிறகு கோழிகள் அதன்மேல் அடைந்தன. ஐயர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். இறுகிப்போன செயினை மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். துருவைச் செங்கல் பொடி போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் நகமெல்லாம் சிவந்துவிட்டது. வரிந்து கட்டிக்கொண்டு ஒரு இரும்போடு மல்லுக்கு நிற்பது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளைப் போல் அது ஓடிப்போகாது.

எனக்குத் தெரியாத வேலையெல்லாம் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த பாயிடம் போனது. பெரிய தகராறு நடு பாரில்தான். அது ஆண்கள் வண்டி. புடவை கட்டிக்கொண்டு அந்தக் கம்பியைத் தாண்டிக் காலைப் போட முடியாது. அதை அறுத்து எடுத்துவிட்டு, கீழே வளைவாக வேறு குழாய் வைக்கச் சொன்னேன்.

பாய் தாடியைத் தடவினார். "பாரை எடுத்துட்டா ஆளுக்கு முதுகெலும்ப எடுத்த மாதிரி டீச்சரம்மா. ஆட்டம் ஜாஸ்தியாய்டும். நடுரோட்டுல ரெண்டா போச்சுன்னா பேஜாரு."

"ரெண்டா போனா ரெண்டையும் தூக்கினு உங்ககிட்டயே வர்றேன் பாய்."

அவர் சிரிக்கவில்லை. கொல்லனிடம் கொண்டுபோய்ப் பழைய கம்பியை அறுத்து, வளைத்த குழாயைப் பித்தளை வைத்து ஒட்டிக் கொடுத்தார். பார்ப்பதற்கு உறுதியாகத்தான் இருந்தது. ஆனாலும் வண்டியில் ஏறும்போதெல்லாம் என் கண் அந்த ஒட்டுக்குத்தான் போகும். ஆபத்து வந்தால் அங்கிருந்துதான் வரும் என்று நான் அடித்துச் சொல்லியிருப்பேன்.

மற்ற மாற்றங்கள் என் யோசனை. புடவை பின்சக்கரத்தில் சிக்காமலிருக்க, மட்கார்டிலிருந்து அச்சு வரைக்கும் ஆட்டுத்தோல் வார்களை நெருக்கமாகக் கட்டினேன். பிரேக் கட்டைகளில் ரப்பர் தேய்ந்து வெறும் தகரம்தான் மிச்சம். புது ரப்பர் மதராஸிலிருந்து வர வேண்டும் என்றார் பாய். ஆம்பூரில் இருந்துகொண்டு எதற்கு மதராஸைப் பார்க்க வேண்டும்? அப்பா வேலை செய்த தோல் பதனிடும் ஷாப்பின் வாசலில் கழித்துப் போட்ட துண்டுகள் குவிந்து கிடக்கும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறி, எண்ணெய்ப் பக்கம் போகாமலே ஒதுக்கப்பட்ட எருமைத்தோல் ஒன்றைப் பொறுக்கினேன். காய்ந்து கட்டைபோல் இருந்தது. அதை அறுத்து நான்கு பிரேக் கட்டைகள் செய்து மாட்டினேன். பிடித்தால் சக்கரம் முனகிக்கொண்டு நின்றது. பாயே ஓட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, ரப்பர் இன்னா ரப்பரு" என்றார்.

ஓட்டக் கற்றுக்கொண்டது கோயிலுக்குப் பின்னால், அம்மாவின் துணையோடு. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்னால் பிடித்தபடி ஓடி வருவாள். எத்தனை முறை விழுந்தேன் என்று கேட்காதீர்கள். அப்பா காதில் விழாத விழுகை கணக்கில் சேராது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்திருந்தோம்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஷாப்பில் அவருக்கு எண்ணெய்ப் பிரிவில் வேலை. பதனிட்ட தோலை விரித்து, புங்க எண்ணெயைத் தேய்த்துத் தேய்த்து உள்ளே இறக்குவது. வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. தோல் என்று ஒன்று வறண்டு கிடப்பதைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. செருப்புக்கு எண்ணெய், கிணற்றில் நீர் இறைக்கும் கவலைப் பைக்கு எண்ணெய். எங்கள் வீட்டு வேதாகமத்தின் கறுப்புத் தோல் அட்டை வெளிறிவிட்டது என்று அதற்கும் தடவினார். ஆதியாகமம் முழுக்க எண்ணெய் ஊறி, ஒரு பக்கம் படித்தால் மறுபக்கத்து எழுத்தும் கூடவே தெரியும். புங்க எண்ணெய் வாசனை எங்கள் வீட்டில் சுவரோடு சுவராக இருந்தது. எங்களில் யாருக்கும் அது வாசனையாகவே படாது.

ஆனால் சைக்கிள் பக்கம் மட்டும் அவர் திரும்பியதில்லை. முற்றத்தில் அது நின்றால் சுற்றிக்கொண்டு போவார்.

அந்தத் திங்கட்கிழமை வந்தது. இருட்டு பிரியும் நேரத்தில் அப்பா எனக்கு முன்பே எழுந்து வேலைக்குப் போய்விட்டிருந்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவைக் கடந்து பெரிய ரோட்டுக்கு வந்து ஏறினேன். சீட்டு சற்று வழுக்கியது. பனி என்று நினைத்தேன். ரோட்டின் இரண்டு பக்கமும் புளியமரம். எதிரில் வந்த மாட்டுவண்டிக்காரர்கள் என்னைப் பார்த்து மாட்டை ஓட்ட மறந்தார்கள். முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு மிதித்தேன். சமதளத்தில் பிரேக்குக்கு வேலையே இல்லை. ஒட்டு போட்ட குழாயைத்தான் குனிந்து குனிந்து பார்த்தேன்.

பாதி வழி தாண்டி ஒரு கானாறு குறுக்கிடும். ரோடு அதில் சரேலென்று இறங்கி, வறண்ட மணலைத் தாண்டி மறுபக்கம் ஏறும். இறக்கத்தின் தலைப்புக்கு வந்தபோது, கீழே ஒரு வண்டி ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. உப்பு போட்ட பச்சைத்தோல் ஏற்றி ஆம்பூருக்கு வரும் வண்டி. இன்னும் தூரம் இருக்கிறது என்று பிரேக்கைப் பிடித்தேன்.

சைக்கிள் நிற்கவில்லை.

இன்னும் அழுத்திப் பிடித்தேன். சக்கரம் முனகக்கூட இல்லை, சத்தமே இல்லாமல் இன்னும் வேகமாக உருண்டது. இரண்டு கையாலும் இழுத்தேன். கம்பிகள் வளைவதுபோல் இருந்தது. மாடுகளின் கொம்பும் நுகத்தடியும் பெரிதாகிக்கொண்டே வந்தன. வண்டிக்காரர் எழுந்து நின்று கையை ஆட்டினார். கர்த்தரைக்கூடக் கூப்பிடத் தோன்றவில்லை. பள்ளிக்கூட மணிதான் நினைவுக்கு வந்தது. கண்ணை மூடாமல் ஹாண்டிலை ஒடித்துத் திருப்பி ரோட்டை விட்டு மணலில் இறக்கினேன். முன்சக்கரம் புதைந்தது. நான் அதைத் தாண்டிப் போய் விழுந்தேன்.

எழுந்ததும் முதலில் ஒட்டைத்தான் பார்த்தேன். மயிரிழைகூட விரியவில்லை. பிறகு பிரேக் கட்டையைத் தொட்டேன். விரல் வழுக்கியது. முகர்ந்தேன். வீட்டில் உறைக்காத அந்தப் புங்க எண்ணெய் வாசனை, திறந்த ஆற்று மணலில் நன்றாக உறைத்தது.

எனக்கு வந்த கோபத்தில் அந்த இடத்திலேயே உட்கார்ந்து கத்தியிருப்பேன். அப்பா பேசமாட்டார், பார்க்கமாட்டார், ஆனால் என் பிரேக்கில் எண்ணெய் தடவுவார். அப்புறம்தான் மற்றதையும் பார்த்தேன். பிரேக் மட்டும் இல்லை. சீட்டு, அடியில் உள்ள வார், பின்சக்கரத்தில் நான் கட்டிய ஆட்டுத்தோல் வார்கள் ஒவ்வொன்றும், முன்னும் பின்னும், ஒரு இடம் விடாமல் தேய்க்கப்பட்டிருந்தன. வேலைக்குப் போகும் அவசரத்தில் செய்த வேலை இல்லை அது. வெகுநேரம் உட்கார்ந்து செய்திருக்கிறார்.

"அடிபட்டுச்சா பாப்பா? நீ எண்ணெ போடறவரு பொண்ணு தானே?" என்று வண்டிக்காரர் ஓடி வந்தார். அவர் ஓட்டிப் போவது அப்பாவின் ஷாப்புக்கு. செய்தி எனக்கு முன்பே வீட்டுக்குப் போய்விடும் என்று புரிந்தது.

முழங்கையில் ரத்தம். கட்டைகளில் மணலை அள்ளித் தேய்த்தேன், பயனில்லை. மீதி வழியில் மேட்டில் மிதித்தும் இறக்கத்தில் இறங்கித் தள்ளியும் போனேன். பள்ளிக்கூடம் கண்ணில் பட்டபோது ஐயர் மணிக் கயிற்றில் கை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றார். நான் வாசலில் கால் ஊன்றிய பிறகுதான் அடித்தார். கொஞ்சம் காத்திருந்தாரோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

"விழுந்தியாம்மா?"

"வண்டி நல்லா இருக்குதுங்க ஐயா."

வேலை என்னுடையது என்றார். அதைக் கேட்டு மகிழ முடியவில்லை, ஏனென்றால் சாயங்காலம் வண்டி கிணற்றுக்குள் போனால் மறுநாள் காலை அந்த வேலைக்குப் போக வழியில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் அப்பாவிடம் கேட்க வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நான் விழவில்லை, நீங்கள் விழ வைத்தீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லப் போகிறேன். அதைச் சொன்னால் வண்டி பிழைக்கும்.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "அப்பாவுக்குத் தெரிஞ்சிபோச்சு. வண்டிய கெணத்தாண்ட எடுத்துனு வரச் சொன்னாரு."

அப்பா கிணற்றடியில் நின்றார். என் முழங்கைக் காயத்தைப் பார்த்தார். அவர் முகம் பழுத்த இலைபோல் இருந்தது. மகளைக் கொல்லப் பார்த்தீர்கள் என்று அந்த முகத்திடம் எப்படிச் சொல்வது? போகட்டும், வண்டி போகட்டும் என்று தள்ளிக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினேன்.

அப்பா என்னிடம் பேசினார். எத்தனையோ நாளைக்குப் பிறகு, அம்மா வழியாக இல்லாமல், என்னைப் பார்த்து.

"பிரேக் புடிச்சியா?"

"புடிச்சேன்பா."

"நிக்கலியா?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டுப் பிரேக்கைப் பிடித்தார். சக்கரம் பாட்டுக்குச் சுற்றியது. இன்னொரு முறை சுழற்றினார். அதுவாகவே நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ணெ போட்டா இது புடிக்காதா?" என்றார் மெதுவாக.

கேட்டுவிட்ட பிறகு பொய் சொல்ல வாய் வரவில்லை. "புடிக்காதுப்பா."

நான்கு கட்டைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கிணற்றில் போட்டார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

விளக்கு வைப்பதற்கு முன் திரும்பி வந்தார். கையில் பூ வாங்கி வருவதுபோல ஒரு வாழை இலைப் பொட்டலம். அதை என் முன்னால் தரையில் வைத்தார். பிரித்தேன். எண்ணெய் காட்டாத எருமைத்தோல் துண்டு, வறண்டு வெளிறிப்போனது. இப்படிப்பட்ட ஒன்றைத் தேடி எடுத்து வர அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன். கத்தியை எடுத்து அவரிடம் நீட்டினேன். தோல் அறுக்க அவரைவிட எனக்கா தெரியும்?

அப்பா பின்னால் நகர்ந்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீயே அறும்மா" என்றார். "என் கை படக் கூடாது."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அறுத்தேன். நான் நான்கு கட்டைகளையும் மாட்டி முடிக்கும் வரை அவர் கையைப் பின்னால் கட்டியபடியே நின்றார்.