வால்யூமுக்குப் பக்கத்தில் ஒட்டிய பொட்டு

டிவி வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் கடைக்காரரிடம் சத்தத்தை ஏற்றிக் காட்டச் சொல்வார்கள். எங்கள் அம்மா ஒருத்திதான் இறக்கிக் காட்டச் சொன்னாள். தொண்ணூற்றொன்றாம் வருஷம், பூந்தமல்லியில் ஒரு கடை. எனக்குப் பத்து வயது. மானம் போகிறதே என்று மாமாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. அதை ஒத்துக்கொள்ளும் பெருந்தன்மைதான் எனக்கு இல்லை. அப்பா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் இருந்தார். தகட்டை வைத்துவிட்டுக் கையை எடுத்ததும் மேலேயிருந்து ஒரு பெரிய இரும்பு இறங்கித் தகட்டை வளைக்கும். எடுக்க மறந்தால் கையையும் சேர்த்து வளைக்கும். அப்பாவின் லைனில் இருந்த ஒருவர் தூக்கக் கலக்கத்தில் இரண்டு விரல்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அவர் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்து டீ குடித்தார். அவர் டம்ளரைப் பிடித்த விதத்தைப் பார்த்த நாளிலிருந்து அம்மாவுக்கு ஒரே கவலைதான். அப்பா தூங்க வேண்டும். அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வரும் வாரத்தில் எங்கள் வீட்டில் பகலில் பாத்திரம் கழுவும் சத்தம்கூடக் கேட்காது. தும்மல் வந்தால் நான் தெருவுக்கு ஓடிப்போய்த் தும்ம வேண்டும்.

வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில் வீடு. ஹால் என்று பெருமையாகச் சொல்வோமே தவிர, இருந்தது ஒரே அறையும் ஒரு சமையல்கட்டும்தான். அறையின் நடுவில் அம்மாவின் பழைய புடவையைக் குறுக்கே கட்டியிருக்கும். அந்தப் பக்கம் அப்பாவின் கட்டில். இந்தப் பக்கம்தான் ஹால். டிவி வந்தால் அதற்கும் அப்பாவின் தலைக்கும் நடுவில் ஒரு நூல் புடவைதான் இருக்கும். அதனாலேயே இரண்டு வருஷமாக அம்மா டிவியை வாசலுக்கு அந்தப் பக்கமே நிறுத்தி வைத்திருந்தாள். நான் சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன். கடைசியில் அப்பாதான் என் பக்கம் சேர்ந்துகொண்டார்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஆறு மாதம் முன்னால் டிவி வாங்கியவர். அதனால் அந்த விஷயத்தில் அவர்தான் விஞ்ஞானி. திரையிலிருந்து எட்டு அடி தள்ளி உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும் என்று எங்கள் ஹாலை அடி வைத்து அளந்தார். எட்டாவது அடி சமையல்கட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. அப்படியானால் சமைத்துக்கொண்டே பார்க்கலாம், அதுவும் வசதிதான் என்றார். அவரைத் தோற்கடிக்க யாராலும் முடியாது.

கடையில் வேலை செய்த பையன் எங்களை நேராகப் பெரிய செட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். அதோடு மரத்தில் செய்த தனி ஸ்பீக்கர் பெட்டி ஒன்று வரும். வீட்டிலேயே தியேட்டர் வைத்த மாதிரி என்று சொல்லிக் குமிழைத் திருகினான். வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா பதறிப்போனாள். குறைக்கச் சொன்னாள். இன்னும் குறைக்கச் சொன்னாள். அதற்கும் கீழே போனால் சத்தமே வராது என்றான் அவன்.

"அதான் வோணும் எங்களுக்கு" என்றாள் அம்மா.

அவள் இப்படி ஒவ்வொரு செட்டாக ஊமையாக்கிக்கொண்டு வர, அப்பா வேறொரு காரியம் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு பெட்டியின் மேலும் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். மெஷினைத் தொட்டுப் பார்த்துப் பழகிய கை, அதான் என்று மாமா விளக்கம் சொன்னார். அந்தத் தனி ஸ்பீக்கர் பெட்டியில் வைத்த கையை மட்டும் அவர் எடுக்கவே இல்லை. சவுண்டு எப்படி சார் என்று கடைப் பையன் பக்கத்தில் வந்து கேட்டான். அப்பா அவன் முகத்தைப் பார்த்து, "சூப்பரா கீதுப்பா" என்றார்.

அந்த நேரத்தில் அம்மா அதன் சத்தத்தைச் சுத்தமாக அணைத்து வைத்திருந்தாள். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். என்ன என்று புரியாமல் எங்களைப் பார்த்துவிட்டு அப்பாவும் சிரித்தார். அப்பா அம்மாவைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்து எனக்கு அவர் மேல் பெரிய மரியாதையே வந்தது.

பெட்டி வேண்டவே வேண்டாம் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். எதற்கும் பிடிவாதம் பிடிக்காத அப்பா அன்று சின்னப் பிள்ளை மாதிரி பெட்டி இல்லாமல் வர மாட்டேன் என்றார். கடைசியில் பெட்டியும் வரும், ஆனால் குமிழ் அம்மா பொறுப்பு என்று ஒப்பந்தமானது. எனக்குக் கலர் டிவிதான் வேண்டும். என்னை யாரும் கேட்கவில்லை. கறுப்பு வெள்ளைதான் வந்தது. வேனில் வரும்போது செம்பரம்பாக்கம் ஏரி கண்ணுக்கெட்டிய தூரம் தளும்பிக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பார்க்காமல் மடியில் இருந்த ஸ்பீக்கர் பெட்டியையே தடவிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, வால்யூம் குமிழுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். குமிழில் இருக்கும் கோடு அந்தப் பொட்டைத் தாண்டக் கூடாது. பொட்டுக்குள் வைத்தால் கதாநாயகன் கர்ஜிப்பது கொசு முனகுவது போலக் கேட்கும். முதல் ஞாயிறு தெருவே வந்து உட்கார்ந்தது. மூன்றாம் ஞாயிறு ஒருவரும் இல்லை. உங்கூட்டு டிவி ஊமையாமே என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். அப்பாவுக்கு மட்டும் குறையே இல்லை. விழித்திருக்கும் நாட்களில் அந்தப் பெட்டியை ஒட்டி உட்கார்ந்து, ஒரு கையை அதன் மேல் வைத்துக்கொண்டு முழுப் படத்தையும் பார்ப்பார்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று அப்பாவுக்கு நைட் ஷிப்ட். சாயங்காலம் புடவைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தார். அம்மா அடுத்த தெருவில் ஒரு வளைகாப்புக்குக் கிளம்பினாள். பொட்டைத் தாண்டினால் கை இருக்காது என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

படம் ஆரம்பித்தது. குமிழைப் பொட்டுக்கு மேல் ஒரு நகம் அளவு திருகினேன். புடவைக்கு அந்தப் பக்கம் அசைவில்லை. இன்னும் ஒரு நகம். அசைவில்லை. பாட்டு வந்ததும் மனசு கேட்கவில்லை. முழுசாகத் திருகிவிட்டேன். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் அதிர்ந்தன. தெருப் பிள்ளைகள் ஜன்னலில் வந்து தொத்திக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுப் பொடியன் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு இளித்தான். அப்போதும் அந்தப் பக்கம் அசைவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. போய்ப் புடவையைத் தூக்கினேன்.

அப்பா தூங்கவில்லை. ஒருக்களித்துப் படுத்து, கண்ணைத் திறந்துகொண்டு சுவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் பட்டதும் திரும்பினார். அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். ஜன்னலில் காதை அடைத்துக்கொண்டு நின்ற பொடியனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் வாயிலும் விரலை வைத்துக் காட்டினார். கண் கலங்கியிருந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். அப்பா நம்ம கட்சி என்று துள்ளிக்கொண்டு வந்து மிச்சப் படத்தைத் தெருவே அதிரப் பார்த்தேன்.

தெருமுனையிலேயே சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்தாள். அவள் என் மேல் கையை ஓங்குவதற்குள், நான் தூக்கிவிட்ட புடவை வழியாகப் பார்த்து அப்பா எழுந்து வந்துவிட்டார். "நான்தாம்மே வெக்கச் சொன்னேன். தூக்கம் வரல" என்றார்.

"நாளைக்கு வெரலு பூட்டா டிவியா வந்து சோறு ஊட்டும்?" என்றாள் அம்மா. அழுதுவிட்டாள். அப்பா அவள் வாயையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.

அவர் எப்போதும் அப்படித்தான், யார் பேசினாலும் முகத்தைப் பார்த்தே கேட்பார். கல்யாணமான புதிதில்கூட இந்த மனுஷன் என்னை இப்படிப் பார்த்ததில்லை என்று அம்மா ஒருநாள் மாமாவிடம் வெட்கத்தோடு சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐந்து வருஷம் கழித்து, நான் பத்தாவது படிக்கும்போது, கம்பெனிக்கு டாக்டர் வந்தார். ஒவ்வொருவர் காதிலும் ஒரு கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னாராம். அப்பா கையைத் தூக்கவே இல்லை. பிரஸ்ஸிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டுவிட்டார்கள். அங்கே ஓவர்டைம் காசு கிடையாது. அதற்குப் பயந்துதான் அத்தனை வருஷம் யாருக்கும் தெரியாமல் மறைத்திருக்கிறார். அம்மா காவல் காத்த பத்து விரல்களும் பத்திரமாக இருந்தன. அந்த இரும்பு அவர் காதைத்தான் தின்றிருந்தது.

எத்தனை வருஷமாக என்று அம்மா கேட்டாள். அவர் அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு, டிவி வாங்குவதற்கு முன்னாலிருந்தே என்றார். பிறகு என்னைக் காட்டினார். நான் எத்தனை மார்க் வாங்கியும் அவர் முகத்தில் பார்த்திராத பெருமை அது.

"பாப்பாவுக்கு அப்பவே தெரியும்மே. ஒரு நாள்கூட வாயத் தொறக்கலியே எம்பொண்ணு."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு ஒன்றுமே தெரியாது, பாட்டுக் கேட்கும் ஆசையில் திருகினேன், அடி விழுமே என்று விரலை வைத்தேன், அவ்வளவுதான் என்று சொல்லியிருக்க வேண்டும். அத்தனை வருஷம் அந்த வீட்டில் தன்னோடு ஒருத்தி சேர்ந்து சுமக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்த மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது?

தெரியும் என்று தலையை ஆட்டினேன். இன்று வரை அதை மாற்றிச் சொல்லவில்லை.