பூட்டுக்காரருக்கு இன்னும் நாலு வருஷம்

பூட்டுக்காரருக்குத் தெருவில் வைத்த பெயர் ‘சந்தேகம்’. வீட்டுச் சாவி தொலைந்துவிட்டது என்று வந்து நிற்பவரிடம், அது அவருடைய வீடுதானா என்பதற்கு அத்தாட்சி கேட்பார். பெற்ற மகளிடமே கேட்டிருக்கிறார். மனிதர் அப்படி.

அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் கட்டிடக்காரர். சின்ன வயதுச் சிநேகிதர். சாலையைப் பார்த்த முன்கடையை இவருக்கு ஒன்பது வருஷக் குத்தகைக்கு விட்டவர். “எங்களுக்குள்ள எதுக்கும்மா பத்திரம்?” என்று பூட்டுக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வழக்கறிஞரான தம்பி மகள் விடவில்லை. இரண்டு பேரையும் பதிவு அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடையின் மாற்றுச் சாவி சிநேகிதரிடம் இருந்தது. சிநேகிதர் வீட்டு மாற்றுச் சாவி கடை ஆணியில் தொங்கியது.

ஐந்து வருஷத்தில் கட்டிடம் கைமாறியது. வாங்கியவர் மருந்துக்கடை நடத்துபவர். சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். அந்தச் சிரிப்பே பூட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை.

“அடுத்த மாசம் காலி பண்ணிக் குடுத்துட்டா நல்லாருக்கும்.”

“எனக்கு இன்னும் நாலு வருஷம் இருக்குங்க. எழுதியிருக்கு.”

“அது நீங்களும் அவரும் பேசிக்கிட்டது. எனக்கு அது தெரியாதே!”

அறுபத்திரண்டு வயதில் சாவி வெட்டும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? இந்த ஆள் இரவோடு இரவாகக் கடையைக் காலி செய்துவிடுவான் என்று பூட்டுக்காரர் முடிவே கட்டிவிட்டார். அன்றைக்கே கதவில் இரண்டாவது பூட்டைப் பொருத்தினார். பழக்க தோஷம், அதன் மாற்றுச் சாவியையும் கொண்டுபோய்ச் சிநேகிதரிடம் கொடுத்தார். அவரும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுவாரம் மருந்துக்கடைக்காரர் கிரயப் பத்திரத்தின் நகலை நீட்டினார். ‘இடத்தில் வாடகைதாரர் யாரும் இல்லை’ என்று எழுதியிருந்தது. போலி என்றே நினைத்தார் பூட்டுக்காரர். தன் குத்தகைப் பத்திரத்தை எடுத்து அருகில் வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். இரண்டிலும் சிநேகிதரின் அதே கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் அதேபோல மேலே வளைந்திருந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

தம்பி மகள்தான் வந்து பேசினாள். “பதிவான குத்தகை, சார். வாங்கும்போது பதிவு அலுவலகத்துல ஒரு தடவை பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும். கட்டிடத்தோட இந்த நாலு வருஷத்தையும் சேத்துத்தான் வாங்கியிருக்கீங்க. ஏமாத்தினவரை நீங்க தனியா கேளுங்க.”

மருந்துக்கடைக்காரர் தன் வக்கீலிடமும் கேட்டுவிட்டு வந்தார். அன்று சிரிக்கவில்லை. “நாலு வருஷம் இருங்க. நானும் ஏமாந்தவன்தான்” என்றார். அந்த முகத்தைச் சந்தேகப்படப் பூட்டுக்காரருக்கு வழியில்லை.

இரண்டு நாள் கழித்துச் சிநேகிதர் கடை வாசலில் வந்து நின்றார். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை எங்கோ தொலைத்திருந்தார்.

“என் வீட்டுச் சாவி உங்கிட்டதானே இருக்கு?”

பூட்டுக்காரர் அத்தாட்சி கேட்கவில்லை. ஆணியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

“என் கடைச் சாவி ரெண்டையும் வச்சிட்டுப் போ.”

“காலியா இருந்தாத்தான் நல்ல விலை வரும்னாங்கடா. உங்கிட்ட மெதுவா சொல்லிக்கலாம்னு இருந்தேன். இத்தனை வருஷப் பழக்கத்துல சாவியைப் போய்த் திருப்பிக் கேக்கறியே?”

“இங்க யாருமே இல்லைன்னு எழுதிக் குடுத்தியே. ஆளில்லாத கடைக்கு உனக்கு எதுக்குடா சாவி?”